இரண்டாம் கியரில் கட்டிய பாட்டு

சர்ச் மேட்டில் வண்டி ஏறத் தொடங்கியதும் கிளிஃபர்ட் கார்பட் பாட்டை எடுத்துவிடுவார். முதல் கியரில் பாட மாட்டார். அதில் வண்டியே கத்தும், இவர் வேறு எதற்கு? இரண்டாவதுக்கு வந்து, எஞ்சின் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டு நிற்கும் பாருங்கள், அந்த உறுமலைப் பிடித்துக்கொண்டு இவருடைய குரல் மேலே போகும். மேட்டின் பாதியில் வண்டி ஒரு உதறு உதறும். குரலும் உதறும். உச்சிக்கு வந்து மூன்றாம் கியர் விழுந்ததும் ஒரு சுகமான இறக்கம், அங்கே பல்லவி. காலை முதல் பஸ்ஸில் போகிற பிஸ்கட் ஃபாக்டரிப் பெண்களுக்குப் பல்லவி மனப்பாடம். தலையில் துணியைக் கட்டிக்கொண்டே கூடப் பாடுவார்கள்.

நிலாவைத் தாண்டிப் போறேன்டி,
நீ விளக்கை அணைக்காதே;
ஒரு வருசம் போய்வாறேன்,
உன் தலை நரைக்காதே.

போன குளிர்காலத்தில் ரேடியோவை எந்தப் பக்கம் திருகினாலும், டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாருமாக அதிர்ந்துகொண்டிருந்ததே, அதே பாட்டுதான். அதைக் கட்டியவர் யார் என்று ரேடியோக்காரர்கள் சொன்னதை நம்பியிருந்தீர்களானால், தயவுசெய்து இப்போது மறந்துவிடுங்கள். அவர்கள் சொன்னது ஒரு கழுதையின் பெயர். அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஸ்டெயின்விக் ஊரில் கார்பட்டை முதலில் அடையாளம் காட்டுவது அவருடைய தொப்பி. அது அவருக்காகத் தைத்தது அல்ல. அவருக்கு முன்னால் அந்தத் தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய மண்டைக்காரருடையது. பஸ் கம்பெனியில் கேட்டால் வேறு தருவார்கள்; இவர் கேட்கவில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் தொப்பி புருவம் வரை இறங்கும், கட்டை விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொள்வார். அவருக்கு எதையும் கேட்டு வாங்கிப் பழக்கம் இல்லை என்பதற்கு அந்தத் தொப்பி ஒன்றே போதும்.

இரண்டாவது அடையாளம் இடது கால். கிளட்சை மிதிக்காத நேரமெல்லாம் அது தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். "வலது கால் கம்பெனியோடது, இடது கால் என்னோடது" என்பார். ஸ்டாப்பில் நிற்கும்போது, சாப்பிடும்போது, சர்ச்சில் பாதிரியார் நரகத்தைப் பற்றிப் பேசும்போதுகூட அது நிற்காது. ஏறுகிறவர்கள் சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'தான். யாராவது மூச்சிரைக்க ஓடி வந்தால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். "ஓடாதீங்க கண்ணு. நிலாவுக்கா போறோம்? பிஸ்கட் ஃபாக்டரிக்குத்தானே." ஒருமுறை டிக்கெட் பரிசோதகரையே கண்ணு என்று கூப்பிட்டு, அவர் எழுதி மேலே அனுப்பி, மேலே இருந்தவரும் இவருடைய பஸ்ஸில் வருகிறவர் என்பதால் ஒன்றும் ஆகவில்லை.

வண்டி ஃபாக்டரிக்குப் போய்த் திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் மேவிஸ் ஏறுவார். கார்பட்டின் மனைவி. இரவுப் பணி நர்ஸ். கணவரைவிட அரைச்சாண் உயரம், அதற்கேற்ற குரல். சீருடையில் நெஞ்சுப் பக்கம் ஒரு கடிகாரம் தலைகீழாகக் குத்தியிருக்கும். குனிந்தால் அந்த அம்மாவுக்கு மட்டும் நேராகத் தெரியும். ஏறியதும் உட்காரமாட்டார். டிக்கெட் மெஷினுக்கு மேலே கையை நீட்டி, கணவருடைய மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, கடிகாரத்தைப் பார்ப்பார். பஸ் முழுக்க வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்.

"இன்னும் ஓடுது. வண்டிய எடு."

அப்புறம்தான் முன்சீட்டில் போய் உட்காருவார். வண்டி அடுத்த வளைவைத் திரும்புவதற்குள் தூங்கியும் போவார். துறைமுகம் வந்ததும் கார்பட் எழுப்புவார்.

"மேவிஸ், எழுந்திரு. நூறு வருசம் ஆச்சு."

"இப்ப யாரு ராணி?"

"அதே ராணிதான்."

"அப்ப இன்னும் கொஞ்சம் தூங்குறேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர்களுடைய குடித்தனம் இப்படித்தான். இவர் வண்டி எடுக்கக் கிளம்பும்போது அந்த அம்மா வந்திருக்க மாட்டார். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். இருவரும் ஒழுங்காக முகம் பார்த்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைகளிலும், இந்தப் பஸ்ஸிலும்தான். அதனால் இந்த மணிக்கட்டு விவகாரத்தை வெறும் விளையாட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதில்தான் அவர்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். டெலிவிஷனில் ஒரு பேராசிரியர் மேஜைமேல் இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொண்டு பேசினார். நட்சத்திரங்களை நோக்கி மகா வேகத்தில் ஒருவன் போகிறான் என்று வையுங்கள். அவன் கணக்கில் ஒரு வருடம்தான் ஆகியிருக்கும், திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் விட்டுப்போனவர்கள் கிழடாகியிருப்பார்கள், என்றார். கார்பட் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அடுப்பில் போட்டிருந்த புகை மீனைக் கவனிக்கிற முறை அன்று அவருடையது.

"கிளிஃப், மீன் கருகுது" என்று மாடியிலிருந்து மேவிஸ் கத்தினார்.

"மேவிஸ், அது நாமதான்."

"எது, கருகுன மீனா?"

மறு வாரம் முழுக்க சர்ச் மேட்டில் வண்டி ஏற ஏற, ஒவ்வொரு அடியாகப் பாட்டு வந்தது. அங்கே எனக்கு ஓர் ஆண்டு, இங்கே உனக்கு ஓர் ஆயுசு என்று வந்தது. கப்பல் ஏறிப் போனவன் இளசு, காத்துக் கெடந்தவ வயசு என்று வந்தது. கடைசியில் ஒரு சரணம் வந்தது. அதை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும், முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனைவிக்கு மட்டும் கேட்கிற குரலில் பாடினார். மேவிஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இது நான்தானே?"

"பின்ன யாரு?"

"தூங்குறவளைப் புடிச்சுப் பாட்டுல போட்டிருக்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய முகம் துறைமுகம் வரை சிரித்துக்கொண்டே வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து வார்டில் கட்டு மாற்றும்போதெல்லாம் அந்த அம்மா வாயில் அந்தப் பாட்டுதான். இடுப்பு முறிந்து கிடந்த மீனவர்கள்கூட அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. பாட்டுக் கட்டினவனுக்கு நாலு பேர் முன்னால் பாடிக் காட்ட வேண்டும் என்று கை அரிக்குமா அரிக்காதா? கார்பட்டுக்கும் அரித்தது. துறைமுகத்தில் 'நங்கூரம்' என்ற மதுக்கடையின் மாடியில் வியாழக்கிழமை சாயங்காலம்தோறும் நாட்டுப்பாடல் கழகம் கூடும். அங்கே போனார்.

கழகத்தை நடத்துகிறவர் ஆம்புரோஸ் பெட்ச். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர். பாடும்போது ஒரு விரலைக் காதில் விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய கழகத்தில் ஒரே ஒரு விதி: பழைய பாட்டுதான் பாட வேண்டும், கட்டினவன் செத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவன் பாட்டை யாராவது பாடிவிட்டால் ஒன்றும் திட்ட மாட்டார். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவார், பாட்டு வெளியே போகட்டும் என்று. ஜனவரி மாதத்தில் அந்த வடகடல் காற்று உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை பாடினவன் மறுபடி அந்தப் படியேற மாட்டான்.

கார்பட் பாடி முடித்ததும் மாடி முழுக்க மேஜையைத் தட்டியது. பெட்ச் மட்டும் விரலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "யாரு கட்டினது?" என்று கேட்டார். ஜன்னல் பக்கத்திலேயே இருந்தது.

அங்கேதான் நம்ம ஆளுக்கு நாக்கு புரண்டது. "எங்க தாத்தாவோட சித்தப்பா. திமிங்கில வேட்டைக்குப் போனவர்" என்றார்.

"பேரு?"

அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஒரு கழுதைக்காக பிரேக் போட்டிருந்தார். கோடைக்கு வருகிற சின்னப்பிள்ளைகளை மணலில் சுமந்து திரிகிற கழுதை. வாயில் அதன் பெயர்தான் வந்தது.

"ஒபதையா."

"ஒபதையா கார்பட்" என்று பெட்ச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நல்ல பைபிள் பேரு. பனிக்கடல்ல மாசக்கணக்கா கெடந்தா, நிலாவுக்கு என்ன, அதுக்கு அந்தாண்டையும் போய்ட்டு வந்ததாச் சொல்லுவான். நடுவுல ஒரு நடுக்கம் வந்துதே, கவனிச்சீங்களா? துடுப்பு வலிக்கிற மூச்சு அது. இது அசல்."

மாடியில் பாதிப் பேருக்கு ஒபதையா யார் என்று தெரியும். சிலர் அதன்மேல் ஏறியும் இருக்கிறார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. எல்லோரும் பீர்க் குவளைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பாட்டோடுதான் கழகம் கலைந்தது. பெட்சின் தங்கை இறந்த வாரத்தில், அவரே கார்பட்டைக் கூப்பிட்டு அதைப் பாடச் சொன்னார். பாடி முடியும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஜன்னலைத் திறக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பொய்யைத் திருப்பி எடுக்க யாருக்கு மனசு வரும்?

மேவிஸ் சரணத்தை மட்டும் கார்பட் அங்கே பாடவே இல்லை. அதைப் பாடினால் குட்டு உடைந்துவிடும். வியாழக்கிழமைகளில் மேவிஸுக்கு ஆஸ்பத்திரி உண்டு என்பதால், அந்த அம்மா கழகத்தின் பக்கம் வந்ததும் இல்லை.

அப்புறம் ரூஃபஸ் வந்தான். தோள்வரை முடி, ஆட்டுத்தோல் கோட்டு, கையில் கிதார். 'தகர அன்னங்கள்' என்ற ராக் குழுவில் வாசிக்கிறவன். நல்ல பையன், யார் பாட்டையும் கேட்காமல் எடுக்க மாட்டான். பெட்சிடம் போய்க் கேட்டான். "செத்தவர் பாட்டுப்பா. தாராளமா எடுத்துக்க" என்றார் பெட்ச். அவர்கள் டிரம்ஸைப் போட்டார்கள், எலெக்ட்ரிக் கிதாரைப் போட்டார்கள். ஆனாலும் கழகத்தின் மேஜைத் தட்டலை அப்படியே வைத்துக்கொண்டார்கள், அந்த நடுக்கத்தையும் வைத்துக்கொண்டார்கள். ரெக்கார்ட் வந்தது. பஸ் டிப்போ கான்டீனில் முதன்முதலாக அதைக் கேட்டபோது கார்பட்டுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆகாயத்தில் ஏதோ ஒரு வண்டி நிஜமாகவே கிளம்பிவிட்டதைப் போல இருந்தது, அது தன் வண்டி. எழுந்து நின்று "என்னுது" என்று சொல்ல வாயைத் திறந்தார். ரேடியோக்காரர் முந்திக்கொண்டார்: நூறு வருடத்துக்கு முன்னால் ஒபதையா கார்பட் என்ற திமிங்கில வேட்டைக்காரர் கட்டிய பாட்டு. கார்பட் உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

ஆஸ்பத்திரி வார்டிலும் ரேடியோ இருந்தது. அதுதான் வினை.

மறுநாள் காலை மேவிஸ் ஏறினார். கார்பட் மணிக்கட்டை நீட்டினார். அந்த அம்மா அதைத் தொடவில்லை.

"டிக்கெட் குடு."

"என்னது?"

"டிக்கெட். நான் யாரோ ஒருத்தி, ஏறியிருக்கேன். டிக்கெட் எடுக்கணுமில்ல?"

"மேவிஸ்..."

"என் பாட்டைத் தூக்கி யாருக்குக் குடுத்த?"

"அது வந்து, அங்க ஒரு விதி இருக்கு..."

"கழுதைக்குக் குடுத்திருக்க, கிளிஃப். பொடிப் பசங்க ஐஸ்கிரீம் கையோட ஏறுதே, அந்தக் கழுதைக்கு. வாழ்க்கையில எனக்குன்னு ஒருத்தன் ஒரு பாட்டுக் கட்டினான். வார்டுல இருந்த அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். நேத்து ரேடியோ சொன்னதைக் கேட்டுட்டு ஒரு நோயாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, பாவம் இந்த அம்மாவுக்குத் தூக்கமில்லைன்னு பார்த்தான்."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு முன்சீட்டைத் தாண்டி, நடுவையும் தாண்டி, சிகரெட் பிடிக்கிறவர்கள் உட்காரும் கடைசி வரிசைக்குப் போனார். புகை ஆகாத உடம்பு. இருமிக்கொண்டே வந்தார்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி பிஸ்கட் ஃபாக்டரிப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். சர்ச் மேட்டில் எஞ்சின் மட்டும்தான் பாடியது. இடது கால் கிளட்சோடு சரி. "என்னப்பா, மேடு இன்னிக்கு உசந்துபோச்சா, வண்டி ஏறவே மாட்டேங்குது" என்று ஒருத்தி கேட்டாள். கார்பட் தொப்பியைக்கூடத் தள்ளிவிட்டுக்கொள்ளவில்லை. அது புருவத்தின்மேல் அப்படியே கிடந்தது. துறைமுகம் வந்ததும் எழுப்ப வேண்டிய வேலையும் இல்லை. மேவிஸ் தூங்கியிருக்கவே மாட்டார், இறங்கிப் போய்க்கொண்டே இருப்பார். வீட்டிலும் இதே பாட்டுதான். டீ கேட்டால், "ஒபதையாகிட்டச் சொல்லு, போட்டுத் தருவாரு" என்று பதில் வரும்.

உண்மையைச் சொன்னால் பெட்ச் ஜன்னலைத் திறப்பார், பாட்டு அந்த மாடியிலிருந்து போய்விடும், தானும் போக வேண்டியதுதான். தங்கைக்காகத் திரும்பி நின்ற அந்த முதுகையும் பார்த்தாயிற்று. சொல்லாவிட்டால் மேவிஸ் கடைசி வரிசையிலேயே இருமிக்கொண்டு வருவார். தொப்பி மாற்றிக் கேட்கத் தெரியாத மனுஷன் இதில் எதைக் கேட்பார்? வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு காலையில் ஆஸ்பத்திரி வாசலில் மேவிஸுக்குப் பின்னால் பெட்சும் ஏறினார். கையில் பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று. எதிர்த் தெருவில் எழுத்து வெட்டுகிறவரை விடியற்காலையிலேயே எழுப்பி வாங்கி வந்திருந்தார். கார்பட்டின் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பூப்போலப் பிரித்துக் காட்டினார். பித்தளைத் தகடு. அதில் ஒபதையா கார்பட்டின் பெயரும், திமிங்கிலம் ஒன்றும், பாட்டின் முதல் வரியும்.

"வர்ற வியாழக்கிழமை நம்ம மாடியில மாட்டுறோம், கார்பட். ரூஃபஸ் வர்றான். உங்க குடும்பத்துப் பெருமை இது. நீங்கதான் பாடணும்."

கார்பட் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "தகடு அழகா இருக்கு, மிஸ்டர் பெட்ச். கழுத்துல கட்டித் தொங்கவிடறதுக்கு ஓட்டை போட்டிருக்கா?"

"இல்லம்மா, சுவத்துல மாட்டுறது" என்றார் பெட்ச், பாவம்.

"ஓ. சுவத்துலயா."

துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு மேவிஸ் முன்னால் வந்து, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். கோபம் அடங்கியிருந்தது, அதுதான் கார்பட்டுக்குப் பயமாக இருந்தது. "அது சுவத்துல ஏறிடுச்சுன்னா அப்புறம் எறங்காது, கிளிஃப். நீ செத்து நான் செத்த பிற்பாடும் அங்கதான் இருக்கும். பாத்துக்க."

வியாழக்கிழமை மாடி நிரம்பி வழிந்தது. பிஸ்கட் ஃபாக்டரியிலிருந்து ஒரு வரிசையே வந்திருந்தது. ரூஃபஸ் ஜன்னலோரம் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்ச் புதுக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கோட்டுப் பையில் ஸ்க்ரூடிரைவர் துருத்திக்கொண்டிருந்தது. தகடு மேஜைமேல் துணி போட்டு மூடியிருந்தது. கார்பட் வண்டியை விட்டுவிட்டு அப்படியே, சீருடையும் தொப்பியுமாக வந்தார். பாடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவது என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்றார். சொல் வரவில்லை, பாட்டுதான் வந்தது.

பாடினார். மாடி மேஜையைத் தட்டியது. நிலாவைத் தாண்டிப் போனார், ஒரு வருடத்தில் திரும்பி வந்தார், காத்துக் கிடந்தவள் வயசாகி நின்றாள். வழக்கமாக முடிகிற இடம் முடிந்தது. பெட்ச் ஸ்க்ரூடிரைவரை உருவிக்கொண்டு எழுந்தார். கார்பட் உட்காரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வண்டியை இரண்டாவதுக்குத் தள்ளுகிறவர்போல இடது காலை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மேலே பிடித்தார்.

நட்சத்திரம் எல்லாம் பாத்துட்டேன்,
நல்லதா ஒண்ணும் கண்டதில்லே;
நெஞ்சுலே கடியாரம் குத்தினவ
நிக்கிறா ஆஸ்பத்திரி வாசலிலே.

ரூஃபஸ் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த அடி எங்க ரெக்கார்டுல இல்லையே" என்றான். "உசுரே அதுலதாம்ப்பா இருக்கு" என்றார் அவர். நெஞ்சில் கடிகாரம் குத்திய நர்ஸை எந்தக் காலத்துத் திமிங்கில வேட்டைக்காரன் கண்டான்? மேஜைத் தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அந்த அமைதியிலும் கார்பட் விடவில்லை. அதற்கு மேல் ஒன்று இருந்தது. அன்று காலைதான் மேட்டில் வந்தது, யாரும் கேட்டதில்லை, மேவிஸே கேட்டதில்லை.

பின்சீட்டுலே புகை மண்டுதடி,
பிடிவாதம் இனி ஏன் கண்ணு?
முன்சீட்டு சும்மா கெடக்குதடி,
மூச்சு ஓடுதா பாரு வந்து.

பிஸ்கட் ஃபாக்டரி வரிசை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது. படிக்கட்டுக் கதவருகே யாரோ இருமினார்கள். அந்த இருமலை இத்தனை நாளும் முதுகில் வாங்கியவர் கார்பட்; கண்ணைத் திறக்காமலே யாரென்று தெரிந்தது. மேவிஸ் அன்று பணியை வேறொருத்தியிடம் மாற்றிக்கொண்டு சீருடையோடு வந்திருந்தார், நடப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று.

பெட்ச் ஸ்க்ரூடிரைவரோடு நின்றார்.

"கார்பட். ஒபதையா யாரு?"

"கழுதைங்க, மிஸ்டர் பெட்ச்."

"கழுதை."

"பீச்சுல இருக்கு. நல்ல குணமுங்க."

"அப்ப பாட்டு?"

"நான் கட்டினது. மேவிஸுக்காக. சர்ச் மேட்டுல."

பெட்சுக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது. "நடுவுல வருதே, அந்த நடுக்கம்?"

"ரெண்டாவது கியருங்க. கொஞ்சம் உதறும்."

பெட்ச் ஜன்னலை நோக்கி நடந்தார். கம்பளிக் கோட்டு போட்டிருந்தவர்கள் பித்தானை மாட்டிக்கொண்டார்கள். கார்பட் பின்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெட்ச் தாழ்ப்பாளில் கையை வைத்தார். வைத்தவர் திறக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அந்தக் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"விதின்னா விதிதானே. கட்டினவன் உசுரோட இருந்தா இந்த மாடியில பாட்டு கிடையாது. ஊரறிய நான் சொன்னது. இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மேவிஸ் கதவருகிலிருந்து நடந்து வந்தார். குவளைகளும் முழங்கால்களும் வழிவிட்டன. கணவரின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, குனிந்து நெஞ்சிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். காலை பஸ்ஸைப் போலவே மாடி முழுக்க வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. மேவிஸ் அவசரப்படவில்லை. விரலைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, வார்டில் சொந்தக்காரர்களிடம் துக்கச் செய்தி சொல்வதற்கு வைத்திருக்கும் முகத்தோடு, மெதுவாகத் தலையை ஆட்டினார். இன்னொரு கையால் அந்தப் பெரிய தொப்பியைப் பிடித்து, கார்பட்டின் கண், மூக்கு, வாய் எல்லாம் மறையும்படி கீழே இழுத்துவிட்டார்.

பெட்ச் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

"எப்பம்மா?"

"இப்பத்தான். மனசைத் தேத்திக்குங்க, மிஸ்டர் பெட்ச்."

பெட்ச் ஸ்க்ரூடிரைவரைக் கோட்டுப் பைக்குள் திரும்ப வைத்தார். ஒரு விரலைக் காதில் விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவரே பல்லவியை எடுத்தார். மாடி முழுக்கப் பின்னாலேயே போனது. ரூஃபஸின் கிதாரும் போனது. நாற்காலியில், தொப்பிக்குக் கீழே, செத்தவரின் இடது கால் தரையில் தாளம் போடத் தொடங்கியது. மேவிஸ் பிடித்திருந்த மணிக்கட்டை விடாமலே, தன் ஷூவைத் தூக்கி அந்தக் கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.